கரை ஓய்ந்த நாட்கள்

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில், மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி அமைந்திருக்கும் பெரியதாழை, நெய்தல் நிலத்துத் தாழையைத் தன் பெயரிலேயே தாங்கிய பரதவர் ஊர். முத்துக்குளித்துறை எனப்படும் இக்கடற்கரையின் வரலாறு பெரும்பாலும் முத்து, மதமாற்றம், போர்த்துக்கீசியர் என்ற மூன்று தலைப்புகளுக்குள் எழுதி முடிக்கப்படுகிறது. இக்கரையின் பாட்டும் கூத்தும் எந்த நேரத்தில் வளர்ந்தன என்று தேடிச் செல்பவருக்கோ, ஊரே கூடித் தொழிலை நிறுத்திவைத்த நாட்களின் வரலாறு ஒன்று புலப்படுகிறது.

தொழிலை நிறுத்திவைக்கும் அவ்வழக்கத்தின் பழைய தடம் ஒன்று மார்க்கோ போலோவின் பயணக் குறிப்பில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாபார் என்று அரேபியர் அழைத்த தமிழகக் கடற்கரைக்கு வந்த அவர், முத்துக் குளிப்போரைச் சுறாக்கள் தாக்காதபடி மந்திரத்தால் கட்டுவோர் இருந்தனர் என்றும், எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலியாகச் சென்றது என்றும் எழுதுகிறார். கடல்கட்டி என்று பின்னாளில் அறியப்பட்ட இவர்கள் போட்ட கட்டு பகலுக்கு மட்டுமே உரியது. இரவில் அதை அவிழ்த்துவிடுவார்கள் என்பது அக்குறிப்பின் முக்கியமான செய்தி. மந்திரம் பலித்ததா என்பது ஒருபுறம் இருக்க, கட்டு அவிழ்ந்த கடலில் இறங்க எவரும் துணியமாட்டார் என்பதால், முத்தின் மீதான ஆசைக்கு அந்தி ஓர் எல்லையாக நின்றது. குளிப்பவருக்குத் தூக்கமும், சிப்பிப் படுகைகளான முத்துப் பார்களுக்கு ஓரிரவு அமைதியும் அதனால் கிடைத்தன.

1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் பரதவர்கள் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியபோது, இவ்வெல்லைக்கு வேறொரு வடிவம் வந்து சேர்ந்தது. 1542இல் இக்கரைக்கு வந்த மறைப்பணியாளர் பிரான்சிஸ் சேவியர், 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில், ஞாயிறுதோறும் ஆண், பெண், சிறுவர் அனைவரையும் ஓரிடத்தில் கூட்டி, தமிழில் பெயர்த்த செபங்களைத் தாம் முன்னே சொல்ல அவர்கள் பின்னே சொன்ன முறையை விவரித்திருக்கிறார். காலப்போக்கில், ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது பெரியதாழை உள்ளிட்ட கத்தோலிக்க மீனவ ஊர்களின் பொது வழக்கமாக வேரூன்றியது. இதனைச் சமயக் கட்டளையாக மட்டும் காண்பது போதாது. கடல் வேலி இல்லாத வயல். ஒருவர் ஓய்ந்திருக்கும் நாளில் அடுத்தவர் வலை போட்டால், ஓய்ந்தவரின் மீன்பாடு, அதாவது அவருக்குக் கிடைக்கவேண்டிய மீன், கைமாறிப் போகும். ஊர் முழுவதும் ஒரே நாளில் கட்டுமரங்களையும் வள்ளங்களையும் மணலில் ஏற்றிவிட்டால் எவருக்கும் இந்தக் கவலை இல்லை. தனி மனிதரின் மன உறுதியால் காக்க முடியாத ஓய்வை ஊரின் ஒப்பந்தம் காத்தது.

அந்த ஓய்வுக்குள் ஒரு மக்கள் கலை வளர்ந்தது. அன்றிக் அன்றிக்கஸ் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானபோது, இந்திய மொழிகளில் தன் சொந்த எழுத்தால் முதலில் அச்சேறியது தமிழே ஆயிற்று. அவ்வச்சுப் பணிக்கு இக்கரையின் பரதவர்கள் நன்கொடை அளித்தனர். 1586இல் அவரே வெளியிட்ட 'அடியார் வரலாறு' புனிதர்களின் வாழ்க்கைக் கதைகளைத் தமிழ் உரைநடையில் தந்தது. இத்தகைய கதைகள் பிற்காலத்தில் நாட்டுக்கூத்தாகவும், இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகமாகவும் தென்கரையிலும் இலங்கையின் மன்னார்க் கரையிலும் மேடையேறின. பகலில் வலை இழுத்தவர்களே இரவில் அரசனும் புனிதருமாக வேடம் கட்டினர். பாட்டும் ஆட்டமும் பயிற்றும் ஆசானை அண்ணாவியார் என்றனர். விடிய விடிய நடக்கும் கூத்து, விடியலில் எவரும் கடலுக்குப் போகவேண்டியிராத ஊரில்தான் நடக்க முடியும்.

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள், தமிழ்க் கத்தோலிக்கர் நன்கறிந்த 'ஞானசௌந்தரி' கதையைத் தொழில்முறை நாடக மேடைக்கு எடுத்துச் சென்றார். 1948இல் ஜெமினி, சிட்டாடல் ஆகிய பட நிறுவனங்கள் தனித்தனியே அதைத் திரைப்படமாக்க, சிட்டாடலின் படமே மக்களிடம் வென்றது. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களுக்குத் தடை விதித்த காலத்தில், கடலுக்கு அப்பாலிருந்து வந்த இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு இக்கரைகளின் விருப்ப ஒலியாயிற்று. ஊர்க்காரர் நடித்துக் காட்டிய கலை, ஊர்க்காரர் கேட்டு மகிழும் கலையாக இவ்வாறு மாறியபோதிலும், கூட்டமாக அமர்ந்து கேட்கும் பழக்கம் உடனே மறையவில்லை.

பெரிய மாற்றம் தொழிலுக்குள்ளேயே நிகழ்ந்தது. 1961க்குப் பின் தூத்துக்குடியில் சலாபம், அதாவது அரசு அறிவித்து நடத்தும் முத்துக்குளிப்புப் பருவம், நடைபெறவில்லை. கரைவலையைப் பலர் சேர்ந்து இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் திருப்பிப் பாடும் அம்பாப் பாட்டு, இழுவையின் மூச்சோடு பிறந்தது. இயந்திரம் வந்த இடத்தில் அதன் தேவை நின்றது. இயந்திரத்தோடு எரிபொருள் செலவும், வலைக்கும் மோட்டாருக்கும் வாங்கிய கடனும் வந்தன. கடனுக்கு வட்டி ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் இடையே மூண்ட மோதல்களின் பின்னணியில், 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரையிலான பரப்பில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை விதித்தது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் அவற்றுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பது இன்றைய விதி. ஊரார் தமக்குள் பேசி வகுத்த நிறுத்தத்தை இப்போது அரசாணையும் வகுக்க வேண்டியிருக்கிறது.

கைப்பேசி இம்மாற்றத்தின் அண்மைக் கட்டம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் தென்கடலில் பல உயிர்களைக் கொண்டுபோன பிறகு, வானிலைச் செய்தி ஆழ்கடல் வரை எட்டவேண்டியதன் தேவையை எவரும் மறுக்கமாட்டார். அதே கருவி, பாட்டையும் படத்தையும் மீன் விலையையும் அவரவர் உள்ளங்கைக்குத் தனித்தனியே கொண்டுவந்து, ஊருக்கு ஒன்றாக இருந்த இரவைப் பலவாகப் பிரித்துவிட்டது. முன்னாளில் கடலைக் காலையில் கட்டியவரே அந்தியில் அவிழ்த்துவிட்டார். கைப்பேசி போடும் கட்டை அவிழ்க்க அப்படி ஒருவர் நியமிக்கப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மணலில் வரிசையாக ஏறி நிற்கும் படகுகள் மட்டும், அவிழ்க்கும் பொறுப்பை ஒரு காலத்தில் ஊரே ஏற்றிருந்தது என்பதற்குச் சான்றாக நிற்கின்றன.