தீபாவளி அடுக்களை: கணக்கில் வராத உழைப்பு

தமிழ்நாட்டுத் தீபாவளியின் பழமை பற்றிய பேச்சு நரகாசுரன் கதையையும் பட்டாசையும் பட்டுச்சேலையையும் சுற்றியே அமைவது வழக்கம்; அப்பண்டிகையை வீடுதோறும் நடத்திக்கொடுத்த தாய்மாரின் உழைப்போ குடும்பக் கடமையாக மட்டுமே கருதப்பட்டதால், கூலிக் கணக்கிலும் சேரவில்லை, வரலாற்றிலும் போதிய இடம் பெறவில்லை.

மாவு மில்லும் மின்சாரமும் எட்டாத காலத்தில் அவ்வுழைப்பு பண்டிகைக்குப் பல நாள் முன்பே தொடங்கியது. அதிரசத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுவதும் போகுமுன் உரலில் இடித்துச் சலிக்க வேண்டும். வெல்லப் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் அது கரையாமல் விரலுக்கு மெத்தென உருண்டு திரள வேண்டும். முற்றிய பாகில் அதிரசம் கல்லாகும், இளம்பாகில் எண்ணெயிலேயே பிரிந்துபோகும். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்து சமையல் அளவுகளை அச்சில் ஏற்றிய பின்னரும், பதம் என்பது தாயின் அருகிலோ மாமியாரின் அருகிலோ நின்று கண்ணாலும் விரலாலும் கற்க வேண்டிய தொழில்நுட்பமாகவே நீடித்தது.

ஏழை உழவர் வீடுகளில் நிலை வேறு. அன்றாடம் கூழும் களியும் உண்ட பல குடும்பங்களுக்கு இட்லியும் தோசையுமே தீபாவளிப் பலகாரமாக இருந்தன. மாவு விடியலுக்குள் புளிக்க வேண்டுமாதலால், பகலெல்லாம் களையெடுத்துத் திரும்பிய தாய் அன்று மாலையே ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து குழவியைச் சுழற்றினாள். மறுநாள் கங்கா ஸ்நானத்துக்கு, அதாவது விடியுமுன் எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்கும் சடங்குக்கு, அண்டாவில் நீர் காய்ச்சுவதும், சீயக்காய் கரைத்து வைப்பதும், புத்தாடையின் ஓரத்தில் மஞ்சள் தடவி எடுத்துவைப்பதும், பிறகு ஒவ்வொருவராக எழுப்புவதும் பெரும்பாலும் அவள் பொறுப்பே.

கைவேலையைவிடக் கண்ணுக்குப் புலப்படாதது உறவைப் பேணும் வேலை. எந்த வீட்டிலிருந்து சென்ற ஆண்டு என்ன பலகாரம் வந்தது, தலைதீபாவளிக்கு, அதாவது திருமணத்துக்குப் பின் வரும் முதல் தீபாவளிக்கு, மருமகனுக்கு எவ்வாறு சீர் செய்வது, மனத்தாங்கல் உள்ள நாத்தனார் வீட்டுக்குத் தட்டை யார் கையில் அனுப்புவது என்பனவெல்லாம் அவள் நினைவில் இருந்த பேரேடு. மிக்கேலா டி லியோனார்டோ என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1987இல், பண்டிகை வாழ்த்துகளையும் விருந்துகளையும் ஆராய்ந்து இத்தகைய பணியை 'உறவு வேலை' என்று அடையாளப்படுத்தினார். தமிழ்க் குடும்பங்களுக்கும் அவ்விளக்கம் அப்படியே பொருந்துகிறது.

கோவையில் 1950களில் உருவான கிரைண்டரும், பின்னர் வந்த எரிவாயு அடுப்பும், மிக்சியும் உடல்நோவைப் பெரிதும் குறைத்தன என்பதை மறுக்கலாகாது. ஆயினும் உலக்கை மாற்றி இடிக்கவும் முறுக்குப் பிழியவும் வந்து சேர்ந்த அண்டை வீட்டுப் பெண்களின் துணையும் அவற்றோடு மெல்ல அருகியது. பலர் கூடிச் செய்த வேலை ஒருத்தியின் வேலையாயிற்று. இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். பலகாரத்தைக் கடையில் வாங்கும் வீடுகளிலும், எந்தப் பெட்டி எவருக்கு, எத்தனை கிலோ, சர்க்கரை நோயுள்ள பெரியவருக்கு என்ன என்ற பட்டியலைப் போடுபவள் பெரும்பாலும் தாயே.