கட்டட ஆய்வாளர் பதிவு: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம்

ஒரு கட்டடம் ஒப்புதல் பெற்ற வரைபடத்தின்படியும் விதிகளின்படியும் எழும்புகிறதா என்று பார்த்துச் சான்றளிக்கும் தகுதியைச் சட்டப்படி பெறுவதே கட்டட ஆய்வாளர் பதிவு. இந்தியாவில் இதற்கென ஒரே தேர்வோ ஒரே உரிமமோ கிடையாது. தமிழ்நாட்டில் இந்த வேலை மூன்று தரப்பாரிடம் பிரிந்திருக்கிறது: உள்ளாட்சியின் நகரமைப்பு ஆய்வாளர், உரிமையாளர் அமர்த்திக்கொள்ளும் பதிவு பெற்ற பொறியாளர் அல்லது கட்டடக்கலைஞர், மக்கள் கூடும் கட்டடங்களுக்கு உரிமம் வழங்கும் வட்டாட்சியர். விருதுநகர் மாவட்டத்தின் வானம் பார்த்த பூமியான அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்திலும் இதே ஏற்பாடுதான். அங்கே வீடுகள் வெடிப்பு விடுவதற்கான முதல் காரணத்தை வரைபடத்தில் தேட முடியாது. கடைக்காலுக்குத் தோண்டிய குழிக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும்.

மண்ணும் கடைக்காலும்

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கமிருந்து தொடரும் கரிசல் அருப்புக்கோட்டையைச் சுற்றிலும் பரந்து கிடக்கிறது. பருத்திக்கும் கம்புக்கும் சோளத்துக்கும் ஏற்ற மண், வீட்டுக்குப் பொல்லாத மண். இதிலுள்ள மான்ட்மோரிலோனைட் வகைக் களிமண் நீரை உறிஞ்சி உப்பும். வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடைக்காலை மேலே தள்ளும், சித்திரை வெயிலில் கீழே இறக்கும். ஆண்டுக்கு ஆண்டு இந்த ஆட்டம் ஓயாது. சன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் வெடிப்பு பெரும்பாலும் இதன் தடயம். கொத்தனாரைக் கூப்பிட்டுச் சிமெண்டு வைத்துப் பூசினாலும் அடுத்த கோடையில் அதே இடத்தில் திறந்துகொள்ளும்.

மண் எவ்வளவு உப்பும் என்பதைக் கண்டறியும் சோதனை மிக எளியது. உலர்த்திச் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராம் எடுத்து, நூறு மில்லிலிட்டர் அளவுக் குழாய்கள் இரண்டில் போட வேண்டும். ஒன்றில் நீர், மற்றொன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி 24 மணி நேரம் விட வேண்டும். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. ஆகவே இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மண்ணெண்ணெய் அளவின் சதவீதமாகக் கணக்கிட்டால் உப்புதல் குறியீடு கிடைத்துவிடும். இந்தியத் தரநிலை (ஐ.எஸ்.) 2720-இன் நாற்பதாம் பகுதி சொல்லும் முறை இது. குறியீடு 50-க்குக் கீழே இருந்தால் பெரிய கவலை இல்லை. 100-ஐத் தாண்டினால் சாதாரணக் கடைக்காலை நம்பக் கூடாது. இவ்வளவு சிறிய செலவில் முடியும் சோதனை, சிறு வீடுகள் கட்டும்போது பெரும்பாலும் நடப்பதில்லை. இந்த வட்டாரத்தில் எந்தச் சான்றிலும் கையெழுத்திடும் முன் பொறியாளர் கேட்க வேண்டிய முதல் தாள் இதுதான்.

கரிசல் சில அடி ஆழத்தோடு முடிந்து கீழே சரளோ சுக்கான் பாறையோ தட்டுப்பட்டால், அதுவரை தோண்டி அங்கே கடைக்காலை உட்கார வைப்பது நல்லது. அடிமட்டத்துக்குள் நிரப்புவதற்கும் தோண்டிய கரிசலையே திருப்பிக் கொட்டாமல் சரள் மண்ணைப் போட்டு இறுக்க வேண்டும். கரிசல் ஆழமாக இறங்கும் இடங்களுக்கு ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அண்டர் ரீம்டு பைல் முறை உண்டு. தூணின் அடியில், தூணைப் போல் சுமார் இரண்டரை மடங்கு விட்டமுள்ள குமிழ் ஒன்றைக் குடைந்து கான்கிரீட் நிரப்புவார்கள். ஈரம் மாறாத ஆழத்தில் அந்தக் குமிழ் பிடித்துக்கொள்வதால் மேல்மண் உப்பினாலும் தூண் அசையாது. தூண்களை இணைக்கும் உத்தரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளியை யாராவது மண்ணால் அடைத்துவிட்டால் செலவழித்த பணம் வீண். ஐ.எஸ். 2911-இன் மூன்றாம் பகுதி இதை விரிவாகச் சொல்கிறது.

அடுத்தது தண்ணீர். இப்பகுதியில் உவர்நீர் ஊறும் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் உண்டு. கம்பி போட்ட கான்கிரீட்டில் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐ.எஸ். 456:2000 வைத்த வரம்பு. தாண்டினால் கம்பி உள்ளுக்குள் துருப்பிடித்துப் பருத்து, சில ஆண்டுகளில் தளத்தின் அடிப்பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். ஈரம் காக்கும் நாட்களுக்கும் அதே விதி கணக்கு வைத்திருக்கிறது: சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், வறண்ட வெப்பச் சூழலில் 10 நாள், சாம்பல் கலந்த சிமெண்டானாலும் 10 நாளுக்குக் குறையக் கூடாது. கடையில் இன்று வாங்குவது பெரும்பாலும் சாம்பல் கலந்த சிமெண்டு, அடிக்கும் வெயிலோ அருப்புக்கோட்டை வெயில். ஆகவே இங்கே ஏழு நாள் கணக்குச் செல்லாது. தண்ணீர் லாரிக்குக் காசு கொடுத்துக் கட்டுபவர் மூன்றாம் நாளே கையை இழுத்துக்கொள்ளும்போது, அவரிடம் எடுத்துச் சொல்லிக் கேட்க வைப்பதும் ஆய்வு செய்பவரின் வேலைதான்.

சட்ட அமைப்பு

அடிப்படைச் சட்டம் 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அனுமதியின்றியோ அனுமதிக்கு மாறாகவோ கட்டினால் அகற்றச் சொல்லும் அதிகாரமும் வேலையை நிறுத்தும் அதிகாரமும் அதன் 56, 57-ஆம் பிரிவுகளில் உள்ளன. நகராட்சிகளுக்கு 1920 முதல் இருந்த மாவட்ட நகராட்சிகள் சட்டம் போய், 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளுக்கு 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த கட்டட விதிகளை ஒன்றாக்கி, நகராட்சி நிர்வாகத் துறை 2019 பிப்ரவரி 4 அன்று வெளியிட்டதே தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இல் திருத்தி வெளியிடப்பட்டது என்றாலும், மாநில விதி எடுத்துக்கொண்ட அளவுக்கே அது கட்டுப்படுத்தும்.

இந்த விதிகள் இறுகியதன் பின்னணியில் ஒரு பெரும் துயரம் உண்டு. சென்னை போரூர் அருகே மௌலிவாக்கத்தில் கட்டி முடியும் தறுவாயில் இருந்த 11 மாடிக் கட்டடம் 2014 ஜூன் 28 அன்று மழை மாலையில் சரிந்து 61 பேரைக் கொன்றது. ஓய்வு பெற்ற நீதிபதி ரெகுபதி ஆணையம் விசாரித்தது. பக்கத்தில் நின்ற மற்றொரு கோபுரத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். வரைபட அனுமதி தருவது ஒன்று, மண்ணும் கம்பியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது வேறு என்பதை மாநிலம் மிகுந்த விலை கொடுத்து அறிந்துகொண்டது.

அருப்புக்கோட்டை நகருக்குள் சிறு கட்டட அனுமதி நகராட்சியின் நகரமைப்புப் பிரிவிலிருந்து வரும். பெரியவை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போகும். காரியாபட்டியும் மல்லாங்கிணறும் பேரூராட்சிகள். ரமண மகரிஷி 1879-இல் பிறந்த திருச்சுழி வட்டத் தலைநகராக இருந்தும் ஊராட்சியாகவே இருக்கிறது. அங்கே அனுமதி வழங்குவது ஊராட்சித் தலைவர். பதவிக்காலம் முடிந்து தேர்தல் நடவாத காலத்தில் தனி அலுவலர். பொறியியல் கருத்துக்கு ஒன்றியப் பொறியாளரையே நம்ப வேண்டும். சாலை, குடிநீர், பள்ளி, தொகுப்பு வீடு என்று அத்தனை பணிகளையும் சுமக்கும் அவர் ஒவ்வொரு கிராமத்துக் கடைக்காலையும் நேரில் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

பதிவு பெறும் வழி

2019 விதிகள் பல வகைத் தொழில்முறையாளர்களை வரையறுக்கின்றன: கட்டடக்கலைஞர், பொறியாளர், இரு தரங்களில் கட்டமைப்புப் பொறியாளர், மண்ணியல் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர், தரத் தணிக்கையாளர், நகரமைப்பாளர். 18.30 மீட்டரைத் தாண்டும் உயர்மாடிக் கட்டடங்களுக்குக் கூடுதல் ஆட்கள் பொறுப்பேற்க வேண்டும். இந்த வட்டாரத்து வேலை பெரும்பாலும் பொறியாளரோடும் கட்டமைப்புப் பொறியாளரோடும் முடிந்துவிடும்.

கட்டடக்கலைஞருக்கு 1972-ஆம் ஆண்டின் மையச் சட்டப்படி கட்டடக்கலை மன்றத்தின் பதிவு இருந்தாக வேண்டும். பொறியாளருக்கு அப்படி ஒரு மையச் சட்டம் இல்லாததால் மாநிலப் பதிவே உரிமம். பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு சிவில் பட்டயமோ பொறியியல் பட்டமோ முடித்து, விதி கேட்கும் அனுபவத்தைச் சேர்த்துக்கொண்டு, சான்றுகளுடன் அரசின் ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பிக்கிறார்கள். கட்டமைப்புப் பொறியாளருக்குப் படிப்பும் அனுபவமும் அதிகம் தேவை. ஊர்மக்கள் ‘லைசென்ஸ் இன்ஜினியர்’ என்று சொல்வது இப்படிப் பதிந்தவரைத்தான்.

இங்கே எழுத்துத் தேர்வு இல்லை, களத்தில் நிறுத்திச் சோதிப்பதும் இல்லை. இது இந்த ஏற்பாட்டின் பெரிய குறை. கரிசலில் ஒரு கடைக்காலைக்கூடப் பார்த்திராதவரும் தாளில் தகுதி இருந்தால் பதிந்துவிடலாம், திருச்சுழிக்கு வந்து சான்றளித்துவிடலாம். நல்ல பொறியாளர்கள் பதிவுக்கு முன்பே ஒரு மூத்தவரிடம் சில ஆண்டுகள் தளத்தில் நின்று பழகுகிறார்கள். கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா, அடித்தளக் கான்கிரீட்டில் கம்பிக்கு 50 மில்லிமீட்டரும் தூணில் 40 மில்லிமீட்டரும் மறைப்பு இருக்கிறதா, பில்லர் தூக்குக்குண்டுக்கு நிற்கிறதா, கான்கிரீட் போடும்போதே 150 மில்லிமீட்டர் கட்டைகளை வார்த்து 28-ஆம் நாள் நசுக்கிப் பார்க்க அனுப்புகிறார்களா என்பதையெல்லாம் கண்ணால் கற்க வேண்டும். இதற்குச் சான்றிதழ் கிடைக்காது, சட்டமும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அரசுப் பணியில் சேர்வது வேறு வழி. நகரமைப்பு ஆய்வாளர், உதவிப் பொறியாளர், பணி மேற்பார்வையாளர், பணி ஆய்வாளர் ஆகிய நகராட்சிப் பணியிடங்களுக்கு 2024-இல் வெளிவந்த அறிவிப்பின்படி அண்ணா பல்கலைக்கழகத்தின் வழியாக எழுத்துத் தேர்வு நடந்தது. பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலை போன்றவற்றின் பொறியாளர்களைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் எடுக்கிறது. அந்தத் தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாள் கட்டாயம்.

சுயசான்று

2024 ஜூலை 22 அன்று தொடங்கிய சுயசான்றுத் திட்டம் இந்த வேலையின் போக்கையே மாற்றியது. தொடங்கியபோது வைத்த வரம்புப்படி, 2,500 சதுர அடிக்குள் அடங்கும் மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் மாடியும் கொண்ட, 7 மீட்டர் உயரத்துக்குட்பட்ட வீட்டுக்கு இணையத்தில் விண்ணப்பித்தால் உடனே அனுமதி. முன்கூட்டியே தள ஆய்வு இல்லை, பணிமுடிப்புச் சான்றும் கேட்பதில்லை. அருப்புக்கோட்டையில் நெசவாளரும் பூ வியாபாரியும் கட்டும் வீடுகளில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள் வந்துவிடும். அலுவலகத்துக்கு அலைந்து நாள் கூலியை இழந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. அதே நேரத்தில், குழியை வந்து பார்க்கும் அரசு அதிகாரி என்று இனி எவரும் இல்லை. பொறுப்பு முழுவதும் உரிமையாளர் தலையிலும், அவர் யோசனை கேட்கும் பொறியாளர் தலையிலும் இறங்கிவிட்டது. வரைபடம் போட்டுக் கொடுத்ததோடு தொடர்பை முடித்துக்கொள்ளும் பழக்கம் இனி ஆபத்தானது. கடைக்கால், அடிமட்டம், தளக் கம்பி என்ற மூன்று கட்டங்களிலாவது வந்து பார்ப்பதற்குச் சேர்த்தே கூலி பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

விற்பனைக்குக் கட்டும் பெரிய திட்டங்களுக்கு இன்னொரு காப்பு உண்டு. 2016-ஆம் ஆண்டின் மனைவணிகச் சட்டம், ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையைக் கட்டுநரே சரிசெய்ய வேண்டும் என்கிறது. சொந்தமாகக் கட்டிக்கொள்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் மாநிலம் முழுதும் கட்டாயம். கண்மாயை நம்பி வாழும் இந்த வட்டாரத்தில் ஆய்வாளர் இதைச் சடங்காகப் பார்த்துவிட்டுப் போவது பெருந்தவறு. கரிசலில் உறிஞ்சுகுழியை வீட்டின் கடைக்காலை ஒட்டித் தோண்டினால் சுவரடி மண்ணுக்கே ஈரம் ஏறும் என்பதையும் அவர் கவனிக்க வேண்டும்.

பள்ளிகளும் பொதுக் கட்டடங்களும்

பள்ளி, விடுதி போன்ற பொதுக் கட்டடங்களுக்கு 1965-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டப்படி வட்டாட்சியர் உரிமம் தருகிறார். அதற்குப் பொறியாளரின் கட்டட உறுதிச் சான்று வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரை வேய்ந்த பள்ளி தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்ட பிறகு இந்தச் சான்றுகள் கடுமையாயின. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தபின் மாநிலமெங்கும் பள்ளிக் கட்டடங்களை மறுபடி பார்த்தார்கள். வகுப்பறைக்குச் சான்று வாங்கிவிட்டுச் சுற்றுச்சுவரையும் கழிப்பறையையும் பார்க்காமல் விடுவது உயிர்போகும் அலட்சியம் என்பதை அந்த மூன்று பிள்ளைகளின் சாவு காட்டியது.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் பல மாநிலங்கள் ஆய்வாளருக்கு சர்வதேச விதி மன்றத்தின் தேர்வுச் சான்றைக் கேட்கின்றன. தமிழர் பெருகி வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் விதித் தேர்வுகளில் தேறி அடையாள எண் பெற்றவரே நகராட்சிக் கட்டட ஆய்வாளராக முடியும். சிங்கப்பூரில் செராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் நின்ற ஆறு மாடி ஹோட்டல் நியூ வேர்ல்டு 1986 மார்ச் 15 அன்று இடிந்து 33 பேர் இறந்தனர். வடிவமைத்தபோது கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தது விசாரணையில் தெரிந்தது. 1989-ஆம் ஆண்டின் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒரு பொறியாளரின் கட்டமைப்புக் கணக்கை அவரோடு தொடர்பில்லாத அங்கீகாரம் பெற்ற மற்றொரு பொறியாளர் மறுபடி போட்டுப் பார்த்தே ஒப்ப வேண்டும் என்று அங்கே வைத்தது. தமிழ்நாட்டின் சிறு கட்டடங்களுக்கு அத்தகைய இரண்டாம் கண் இன்னும் வரவில்லை.