டுவின் கேம் எஞ்சினில் கேம் செயின் டென்ஷனர் தேய்மானம்

ஹார்லி-டேவிட்சன் 1999 மாடல்களில் கொண்டுவந்த டுவின் கேம் 88 (1,450 சிசி) எஞ்சினில் கேம் ஷாஃப்ட் இரண்டு. அதற்கு முந்தைய பெரிய எவல்யூஷன் எஞ்சினில் ஒரே கேம்தான்; அது பல்சக்கரத்தால் ஓடியது. புதிய எஞ்சினில் வெளிச் செயின் கிராங்கிலிருந்து பின் கேமையும், உள் செயின் பின் கேமிலிருந்து முன் கேமையும் சுழற்றுகின்றன. செயின் தொய்யாமலிருக்க, ஸ்பிரிங் விசையுள்ள டென்ஷனர் ஒரு பிளாஸ்டிக் ஷூவை அதன்மீது அழுத்திக்கொண்டே இருக்கும். இந்த எஞ்சினில் கேம் பழுது என்று வருவதில் பெரும்பகுதி இந்த ஷூவில்தான் தொடங்குகிறது. ஆனால் அது அங்கேயே நிற்பதில்லை; ஆகவே ஷூவை மட்டும் மாற்றி மூடுவது பாதி வேலை.

தேய்ந்த பிளாஸ்டிக் ஆயிலில் கலக்கிறது. ஆயில் பம்ப், கேம் தாங்கு தட்டின் பின்னால் அதே அறையில் இருப்பதால், துகள் முதலில் சேருமிடம் அதுதான். பம்ப் சுவரில் கீறல் விழும். தட்டிலுள்ள பிரஷர் வால்வில் துகள் சிக்கினால் ஆயில் அழுத்தம் இறங்கும். அதற்குப் பிறகே லிஃப்டரும் கேம் முகடும் கெடுகின்றன. ஷூ முழுதும் கரைந்துவிட்டால் செயின் உலோகத்தில் உரசி இரும்புத்தூளையும் சேர்க்கும்.

சத்தம் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். சத்தம் கேட்கும்போது துகள் ஏற்கெனவே பம்ப்பைத் தாண்டியிருக்கக்கூடும். ஓடிய தூரத்தையும் நம்பமுடியாது. ஒரே மாடலில் சில வண்டிகளில் ஷூ சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது, சிலவற்றில் நெடுநாள் தாங்குகிறது. வலப்பக்க கேம் கவரைக் கழற்றினால் வெளி ஷூ கண்ணில் படும். அது நன்றாக இருப்பதைப் பார்த்து உள் ஷூவும் நன்றாயிருக்கும் என முடிவுகட்டுவது தவறு. உள்ளே இருப்பது முந்தித் தேய்ந்திருப்பதும் உண்டு. அதை நேரில் பார்க்க, புஷ்ராடுகளின் அழுத்தத்தை விடுவித்துத் தாங்கு தட்டையே வெளியே எடுக்கவேண்டும்.

அவ்வளவு தூரம் பிரித்தபின் கேம் முகடுகளில் குழி விழுந்திருக்கிறதா, லிஃப்டர் உருளை தடையின்றிச் சுழல்கிறதா, பம்ப் சுவரின் கீறல் நகத்தில் தட்டுகிறதா என்று பார்க்காமல் மூடக்கூடாது. கிராங்க்கேஸிலுள்ள உள் கேம் பேரிங்குகளைப் புதிதாக்கிவிடுவது நல்லது. கழற்றிய பேரிங்கைத் திரும்பப் போடக்கூடாது. ஓ-ரிங்குகளும் புதியவையே. மூட்டும்போது செயின் சக்கரங்களின் குறிகள் நேராக நிற்கவேண்டும்; வெளிச் செயினின் சக்கரங்கள் இரண்டும் ஒரே மட்டத்தில், 0.010 அங்குல வித்தியாசத்துக்குள் இருக்கவேண்டும்.

செயினை நீக்கிப் பல்சக்கரம் பொருத்தினால் தொல்லை தீருமே என்ற வாதம் பொருளற்றதல்ல. ஆனால் கிராங்க் முனையின் ஆட்டம் மிகக் குறைவாக இருந்தால்தான் பல்சக்கரம் அமையும். அழுத்திப் பொருத்திய கிராங்க்கில் அது எல்லா வண்டிக்கும் உறுதியில்லை. அளக்காமல் வாங்குவது வீண் செலவு. நிறுவனமே 2006 டைனா வரிசையிலும், 2007 முதல் மற்ற பெரிய எஞ்சின்களிலும் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் டென்ஷனருக்கும் உருளைச் செயினுக்கும் மாறியது. பழைய வண்டிக்கும் அந்த மாற்றமே பெரும்பாலோருக்கு ஏற்றது.