கரப்பனும் களிம்பும்: கற்பிட்டிக் கரையிலிருந்து ஒரு வரலாறு

புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில் பிறந்தவர்களுக்கு உப்பு புதிதன்று. புத்தளம் என்ற பெயரே உப்புத்தளம் என்பதிலிருந்து வந்தது என்று சொல்வோரும் உண்டு. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலம். அந்த நிலத்தின் வடபகுதியில் உள்ள கற்பிட்டியே நான் வளர்ந்த ஊர். கற்பிட்டியைப் பற்றி எழுதுவோர் ஒல்லாந்தர் கோட்டையை எழுதுவர். 1807இல் இங்கு பிறந்து, பின்னாளில் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் தொகுத்த சைமன் காசிச்செட்டியை எழுதுவர். நான் இன்று எழுதப் போவது தோலைப் பற்றி.

எனக்குக் கரப்பன் உண்டு. வைத்தியர்கள் எக்ஸிமா என்பர். முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் கழுத்திலும், நினைவு தெரிந்த நாள் முதல் அது என்னோடு இருக்கிறது. எங்கள் குடும்பம் களப்பை நம்பி வாழ்ந்த குடும்பம். வீட்டில் இறாலும் நண்டும் மணக்கும். எனக்கு மட்டும் தனிக் கறி. "கிரந்திச் சாமான் வாயில வைக்காத ராசா" என்று அம்மம்மா தடுத்துவிடுவார். கத்தரிக்காய்க்கும் அதே தடை. இரவில் தேங்காயெண்ணெயைச் சூடாக்கி ஆறவைத்துத் தடவுவார். அரிப்பு முற்றாக அடங்காது. ஆயினும் தூங்க முடியும்.

கரப்பன் தமிழ் மருத்துவத்துக்குப் பழக்கமான நோய். சித்த மருத்துவம் அதற்கெனத் தைலங்களை வகுத்தது. நோயைக் கிளறும் உணவுகளுக்குக் 'கரப்பன் பண்டம்' என்றே பெயர் வைத்தது நம் மொழி. அம்மம்மாவின் உணவுத் தடை எல்லோருக்கும் பொருந்தாது என்பதை இன்று அறிவோம். ஆனால் அந்த எண்ணெய் விடயத்தில் அவர் வெகுதூரம் தவறிவிடவில்லை. தோலின் மேலடுக்கை இறுக்கமாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் என்னும் புரதத்தின் மரபணுக் குறைபாடு எக்ஸிமாவுடன் தொடர்புடையது என்பதை 2006இல் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர்கள் காட்டினர். ஓட்டை விழுந்த கூரை போன்றது எங்கள் தோல். ஈரம் வெளியேறும், வேண்டாதன உள்ளே புகும். ஆகவே ஈரத்தைக் காக்கும் பூச்சே இன்றும் சிகிச்சையின் முதற்படி.

1984இல் எனக்குப் பதினைந்து வயது. சித்தப்பா புத்தளம் நகரத்து மருந்துக்கடையிலிருந்து ஒரு சிறு டியூப் வாங்கி வந்தார். வைத்தியரின் துண்டு இல்லை. கடைக்காரரிடம் "அரிப்புக்கு" என்றார், கிடைத்தது. மூன்றாம் நாள் என் கைகள் பிறரது கைகள் போலாகிவிட்டன. அம்மம்மா கண் கலங்கினார். அன்றிலிருந்து முப்பது ஆண்டுகள் அந்த டியூபோ, அதன் உறவுக்காரர்களோ என் சட்டைப்பையை விட்டு அகலவில்லை.

அந்த டியூபுக்குள் இருந்ததன் வரலாற்றைப் பின்னரே படித்தேன். 1948 செப்டெம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மூட்டுவாதத்தால் முடங்கிய ஒரு பெண்ணுக்குக் கோர்ட்டிசோன் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். கென்டல், ஹென்ச், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. 1952இல் சல்ஸ்பர்கர், விட்டன் என்ற தோல் வைத்தியர்கள் இருவர் ஹைட்ரோகோர்ட்டிசோனைத் தோலில் பூசி வெற்றி கண்டனர். 1960களில் பீட்டாமெதசோன் வலரேட், 1970களில் குளோபெட்டசோல் என வலிமை ஏறிக்கொண்டே போனது. முதற் களிம்பினும் பல நூறு மடங்கு வீரியமுள்ள களிம்பும் அதே அளவுச் சிறு டியூபில்தான் வந்தது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

எச்சரிக்கையும் தாமதியாமல் வந்தது. 1968இல் ஐவ், மார்க்ஸ் என்ற பிரித்தானிய வைத்தியர்கள், ஸ்டெரொய்ட் பூசியதால் உருமாறி அடையாளம் தெரியாமற்போன படர்தாமரையைப் பற்றி எழுதினர். மறு ஆண்டு ஷெஃபீல்ட் நகரத்து ஸ்னெடன், முகத்தில் பூசியவர்கள் நிறுத்தியதும் படும் பாட்டை எழுதினார். 1979இல் கிளிக்மன், ஃபிரோஷ் ஆகியோர் 'ஸ்டெரொய்ட் அடிமைத்தனம்' என்றே பெயர் சூட்டினர். ஆக, என் சித்தப்பா அந்த டியூபை வாங்குவதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே அதன் மறுபக்கம் அச்சில் வந்துவிட்டது. அது எங்கள் கடைவீதிக்கு வந்து சேரவில்லை.

இங்கே ஒருவரை நினைவுகூர வேண்டும். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து நாட்டின் மருந்துக் கொள்கைக்கு அடிப்படையிட்டவர். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். 1977இல் கயானாவில் காலமானார். மருந்தை வணிகப் பெயரால் அன்றிப் பொதுப்பெயரால் அழைக்க வேண்டும் என்பது அவரது கொள்கைகளுள் ஒன்று. விலை குறையும் என்பது அதன் ஒரு பயன். உள்ளே இருப்பது என்னவென்று அறியலாம் என்பது மற்றொன்று. அரிப்புக்கு ஒரு டியூப், தேமலுக்கு ஒரு டியூப், முகம் வெளுக்க ஒரு டியூப் என்று வாங்கிய நாங்கள், பல வேளைகளில் மூன்றிலும் இருந்தது ஒரே இன மருந்து என்பதை அறிந்திருக்கவில்லை. 1980ஆம் ஆண்டிலேயே ஔடதங்களுக்கான சட்டம் இருந்தது. 2015இல் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையும் சட்டத்தால் நிறுவப்பட்டது. சட்டத்துக்கும் கடை மேசைக்கும் இடைப்பட்ட தூரத்தில்தான் என் முப்பது ஆண்டுகள் கழிந்தன.

அந்தத் தூரத்தில் நானும் ஒரு பங்காளி. 1990 ஒக்டோபரின் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர். மன்னாரிலிருந்து படகேறியவர்கள் எங்கள் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினர். நான் அப்போது பல்கலைக்கழகக் கலைப்பிரிவு மாணவன், ஊரில் இருந்தேன். பின்னர் பத்திரிகையாளனாகி, 1990களில் அந்த ஓலைக்கொட்டில் முகாம்களுக்குப் பலமுறை சென்றேன். நிவாரணம், நிலம், வாக்குரிமை எல்லாம் எழுதினேன். நெருக்கமும் தண்ணீர்ப் பஞ்சமுமான அவ்விடங்களில் சொறியும் சிரங்கும் மலிந்திருந்தன. ஒருநாள் ஒரு தாய், மடியிலிருந்த பிள்ளையின் கன்னத்தைக் காட்டி, "தம்பி, இதுக்கு என்ன பூசலாம்?" என்று கேட்டார். நான் சட்டைப்பையிலிருந்த டியூபை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். உபகாரம் செய்த நிறைவோடு பேருந்து ஏறினேன். அது எத்தனை வீரியமான மருந்து, குழந்தையின் கன்னத்தில் எத்தனை நாள் பூசலாம், எப்போது நிறுத்த வேண்டும் என எதையும் நான் சொல்லவில்லை. எனக்கே தெரியாது. அந்தப் பிள்ளை என்ன ஆனது என்பதையும் அறியேன்.

என் கணக்கு 2014இல் தீர்க்கப்பட்டது. களிம்பு பூசினால் ஒரு வாரம் தாங்கிய தோல் ஒரு நாளும் தாங்காமற்போனது. வெறுப்புற்று ஒரே நாளில் நிறுத்தினேன். பத்தாம் நாள் தோள் முதல் மணிக்கட்டு வரை, சிவப்புத் துணி சுற்றியது போலாயிற்று. அரிப்பு அன்று, எரிவு. அடுப்பருகே நிற்பது போன்ற எரிவு. நீர் கசிந்தது. காலையில் பாயை உதறினால் தோல் செதில்கள் கொட்டின. மாதக்கணக்கில் இரவுத் தூக்கம் இல்லை. கொழும்புக் கோடையில் குளிரால் நடுங்கினேன். முதலில் பார்த்த வைத்தியர் பழைய கரப்பன் முற்றியது என்றார். இரண்டாமவர் நான் பூசியவற்றின் பட்டியலைக் கேட்டார். முப்பது ஆண்டுக் கதையைப் பொறுமையாகக் கேட்டு, "இது நிறுத்தியதால் வந்தது" என்றார். ஈரங்காக்கும் பூச்சு, தொற்றுக்கு மருந்து, தூக்கத்துக்கு உதவி, ஒழுங்கான கண்காணிப்பு. தேறுவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சென்றன. கரப்பன் போய்விடவில்லை. அது தன் பழைய இடங்களுக்குத் திரும்பிச் சென்றது, அவ்வளவே. எனக்கு அது போதும்.

நான் தனியன் அல்லன். 2011இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், முகத்தோல் நோயுடன் வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டெரொய்ட் களிம்பு பூசிக்கொண்டிருந்தனர். அவர்களுள் பலர் அதை முகம் வெளுக்கவே பூசினர். 2021இல் பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், இக்களிம்புகளை நீண்டகாலம் பூசி நிறுத்துவோருக்குக் கடும் பின்விளைவுகள் வரக்கூடும் என எச்சரித்தது. 2025இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவக ஆய்வாளர்கள், இத்தகையோரின் உயிரணுக்களில் ஆற்றல் உற்பத்தி தொடர்பான வேறுபாடுகளைக் கண்டு, இது சாதாரண எக்ஸிமாவிலிருந்து வேறானது என்றனர். சிறிய ஆய்வுதான், முடிந்த முடிபன்று. ஆயினும் "எல்லாம் மனப்பிரமை" என்று கேட்டவர்களுக்கு அது ஓர் ஆறுதல்.

இதைப் படித்துவிட்டு யாரும் டியூபைக் குப்பையில் எறிய வேண்டாம். நீண்டகாலம் பூசியவர்கள் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. வைத்தியரைக் கேட்டே எதையும் செய்யுங்கள். உரிய வீரியத்தில், உரிய இடத்தில், உரிய நாட்களுக்குப் பூசினால் ஸ்டெரொய்ட் களிம்பு நல்ல மருந்து. அளவுக்கும் ஒரு எளிய கணக்கு உண்டு: சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கும் களிம்பு, விரல்கள் உட்பட இரு கைகளின் உட்புற அளவு பரப்புக்குப் போதும். முப்பது ஆண்டுகளில் ஒரு கடைக்காரரும் இதை எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சென்ற மாதம் கற்பிட்டிக்குப் போயிருந்தேன். மருந்துக்கடையில் ஒரு இளைஞர் அரிப்புக்கு டியூப் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவரிடம் பெட்டியைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். உங்களிடமும் அதையே வேண்டுகிறேன். வீட்டு அலுமாரியில் இருக்கும் டியூபை எடுத்து, வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள பொதுப்பெயரை வாசியுங்கள். பீட்டாமெதசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால், அடுத்த முறை வைத்தியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எவ்வளவு, எங்கே, எத்தனை நாள்?