புழுவைக் குளவியாக்கும் வேட்டுவன்

இலங்கையின் கிழக்கில் வாகரையிலிருந்து கதிரவெளி, வெருகல் என நீளும் கரை, மணலும் பற்றையுமானது. கடலோர வேடர்களின் மண். 1911இல் செலிக்மன் தம்பதியர் வேடர்களைப் பற்றி எழுதிய நூலில் இவர்களுக்குத் தனி அத்தியாயமே உண்டு. வேட்டையால் வந்த பெயரை மனிதருக்கு மட்டும் தமிழ் வைக்கவில்லை. மணலில் குழி பறிக்கும் ஒரு பூச்சிக்கும் வைத்தது: வேட்டுவன்.

வேட்டமாடுபவன் வேட்டுவன். மலையாளத்தில் வேட்டாளன், வேட்டாவளியன். இன்றோ நமக்கு எல்லாமே குளவிதான். மலையகத்தில் தேயிலைத் தொழிலாளரைக் கூட்டமாகத் துரத்திக் கொட்டுவதும் குளவி, தன்பாட்டில் மணல் கிளறுவதும் குளவி. பழைய பெயர்தான் பூச்சியின் தொழிலைச் சொன்னது.

நூலாய் ஒடுங்கிய இடை, தனிமை, ஓயாத தோண்டல்: இவை கண்டால் அது வேட்டுவன். தோண்டுவதும் வேட்டையாடுவதும் பெண். ஆணுக்குக் கொடுக்கே இல்லை. இனத்துக்கு இனம் இரை மாறும். ஒன்றுக்கு வெட்டுக்கிளி, இன்னொன்றுக்குப் புழு, வேறொன்றுக்கு ஈ. கொட்டு நரம்பு முடிச்சைத் தாக்குவதால் இரை சாகாமல் முடங்கும், அழுகாது. அதை வளைக்குள் இழுத்து, முட்டையிட்டு, வாயை மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும்.

உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. இதைப் பார்த்தவர்கள், கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்றார்கள். வடமொழியில் அது பிரமர கீட நியாயம். சைவ சித்தாந்தமோ வேட்டுவனைக் குருவாகவும் புழுவை உயிராகவும் கண்டது. உவமை அழகுதான், ஆனால் வேட்டுவன் என்று அழைத்துக்கொண்டே அதன் வேட்டையை மறந்த உவமை.

வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டுவதும் வேட்டுவனின் உறவினம்தான். அவற்றுள் ஒன்றை 1781இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபப்ரீசியஸ் விவரித்தபோது, அதன் பெயரில் மதராஸ்பட்டணத்தைச் சேர்த்தார். இன்றைய அறிவியல் பெயர் செலிஃப்ரான் மதராஸ்பட்டானம். (1779இல் தமிழ் அகராதி வெளியிட்ட ஃபப்ரீசியஸ் வேறொருவர்.) இலங்கையிலும் இது உண்டு. மண்கூட்டின் அறையொன்றை உடைத்தால் முடங்கிய சிலந்திகள் கிடக்கும், நடுவே ஒரு புழு. அந்தப் புழு வேட்டுவனின் சொந்தப் பிள்ளை. சிலந்திகள் அதற்கு வைத்த சாப்பாடு.