ரியாக்டிவ் நாய்கள்: பழக்கும் முறையும் வளர்ப்பவருக்கான துணையும்

வேறொரு நாய், சைக்கிள், ஹெல்மெட் போட்ட ஆள், ஓடிவரும் குழந்தை என்று ஏதோ ஒன்றைக் கண்ட மாத்திரத்தில் அளவுக்கு மீறிக் குரைத்து, சங்கிலி தெறிக்கப் பாயும் நாயைப் பயிற்சியாளர்கள் 'ரியாக்டிவ்' நாய் என்கிறார்கள். இது நோயின் பெயரோ இனத்தின் பெயரோ அல்ல; நடத்தையைக் குறிக்கும் சொல். கடிநாய் என்பதும் வேறு. வீட்டில் பிள்ளைகளோடு புரண்டு விளையாடும் நாய், தெருமுனையில் இன்னொரு நாயைப் பார்த்ததும் ஆளே மாறிப்போவது சாதாரணம்.

காரணம் பெரும்பாலும் பயம். சில நாய்களுக்கு ஆசை: போய்ப் பார்க்க வேண்டும், கயிறு விடவில்லை என்ற ஆற்றாமையும் அதே குரைப்பாகத்தான் வெளிவரும். குட்டி பிறந்த 3ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 12ஆம் வாரம் வரை உலகத்தோடு பழகிக்கொள்ளும் பருவம் என்பதை, அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் நடத்திய நீண்ட ஆய்வு காட்டியது. அது 1965இல் நூலாக வந்தது. அந்த வாரங்களை நாலு சுவருக்குள் கழித்த குட்டிக்குப் பிற்பாடு எல்லாமே புதிது, ஆகவே எல்லாமே ஆபத்து. பரம்பரைக்கும் பங்கு உண்டு, வலிக்கும் உண்டு. பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகத்து டேனியல் மில்ஸ் குழுவினர் 2020இல் எழுதிய கட்டுரை, நடத்தைச் சிக்கலோடு மருத்துவர்களிடம் வரும் விலங்குகளில் மூன்றில் ஒரு பங்குக்காவது வலி இருக்கும் என்று மதிப்பிடுகிறது. எனவே பயிற்சியாளரைத் தேடுமுன் கால்நடை மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

கயிறும் இதில் ஒரு காரணம். தன்போக்கில் சந்திக்கும் இரண்டு நாய்கள் நேருக்கு நேர் வருவது குறைவு. வளைந்து வந்து, பக்கவாட்டில் நின்று மோந்து பார்க்கும். நடைபாதையில் கயிற்றோடு வரும் நாய்க்கு வளையவும் இடமில்லை, விலகி ஓடவும் வழியில்லை. மிஞ்சுவது குரைப்பு. குரைத்ததும் எதிர் நாய் போய்விடுகிறது. அது எப்படியும் போகத்தான் போகிறது. ஆனால் தானே விரட்டியதாக இது கணக்கு வைத்துக்கொள்ளும். மறுநாள் இன்னும் முன்கூட்டியே குரைக்கும்.

இதற்கு முதல் மருந்து தூரம். 30 மீட்டரில் பார்த்தும் பதறாத நாய் 10 மீட்டரில் பொங்கும். பொங்கிவிட்ட நாய்க்கு எதையும் கற்றுத்தர முடியாது; பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் ஏறாது. இந்த எல்லை நாளுக்கு நாள் மாறும். காலையில் குப்பை வண்டி, மதியம் கூரியர்க்காரர், சாயங்காலம் பட்டாசு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினால், நேற்று பொறுத்துக்கொண்ட தூரம் இன்று போதாது.

தூரத்தை வைத்துப் பயத்தைக் கரைக்கும் வித்தை மனிதர்களிடமிருந்து வந்தது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்ததைத் தின்னக் கொடுத்தபடி, முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான். நாய்களுக்கு இதை எளிதாக்கிய ஆட்டங்களில் பெயர்பெற்றது, லெஸ்லி மெக்டெவிட் 2007இல் வெளியிட்ட 'கண்ட்ரோல் அன்லீஷ்டு' நூலின் 'அதைப் பார்'.

அந்த ஆட்டம் இப்படி: தொலைவில் ஒரு நாய் தெரிகிறது. நம் நாயின் தொங்கிய நாக்கு உள்ளே போய் வாய் மூடுகிறது. காது முன்னே விடைக்கிறது. பாரம் முன்னங்காலுக்கு மாறுகிறது. குரைப்புக்கு முந்திய அந்த ஓரிரு வினாடிக்குள் 'சரி' என்று ஒரு சொல், உடனே வேகவைத்த கோழித் துண்டு. எதிர் நாய் கண்ணில் தெரிந்துகொண்டிருக்கும்வரை கோழி வரும், மறைந்ததும் நின்றுவிடும். முதலில் நாய், பிறகு கோழி என்ற வரிசை பிசகக் கூடாது. போகப்போக, நாயைப் பார்த்ததுமே தலை தானாக வளர்ப்பவர் பக்கம் திரும்பத் தொடங்கும். மெதுவாக வாங்கித் தின்ற நாய் விரலோடு சேர்த்துப் பிடுங்கினால், கிட்டே வந்துவிட்டோம் என்று பொருள். வாங்கவே மறுத்தால் திரும்பி நடக்க வேண்டியதுதான். குரைக்கிற நாய்க்குத் தீனி போட்டால் குரைப்பு கூடிவிடாதா என்று பலரும் கேட்பார்கள். பயம் கூலிக்குச் செய்யும் வேலை அல்ல. கோழி கிடைக்கிறதே என்று யாரும் கூடுதலாகப் பயப்படுவதில்லை.

முள் காலரும் ஷாக் காலரும் குரைப்பை நிறுத்தக்கூடும், பயத்தை நிறுத்தாது. எதிர் நாய் வரும்போதெல்லாம் கழுத்து வலிக்கிறது என்பதே நாய் கற்கும் பாடம். உறுமலுக்கு அடி வாங்கிய நாய், ஒருநாள் உறுமாமலே கடிக்கும். வேல்ஸ் 2010இல் ஷாக் காலரைத் தடை செய்தது. விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமும், பரிசு தந்து பழக்கும் முறையை மட்டுமே 2021இல் பரிந்துரைத்தது. முற்றிய நிலையில் ஃப்ளூவாக்ஸெட்டின் போன்ற மாத்திரைகளை மருத்துவர் தருவதுண்டு. பலன் தெரியச் சில வாரங்களாகும், பயிற்சியும் கூடவே நடக்க வேண்டும்.

பயிற்சி நூல்கள் பலவும் நாயோடு நின்றுவிடுகின்றன. கயிற்றைப் பிடித்திருப்பவர் அதற்குள் கூனிக் குறுகிப்போயிருப்பார்: தெருவே பார்க்கிறது, 'வளர்க்கத் தெரியாதவர்' என்ற பேச்சு காதில் விழுகிறது. நடையை நள்ளிரவுக்கு மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. இவர்களுக்கான வகுப்புகளில் நாய்களுக்கு இடையே திரை கட்டி, ஒவ்வொன்றாக உள்ளே விடுகிறார்கள். முதல் வகுப்புக்கு நாயே வேண்டாம், ஆள் மட்டும் வரட்டும் என்பவர்களும் உண்டு. அது நல்ல ஏற்பாடு. கயிற்றில் மஞ்சள் நாடா கட்டினால் 'தள்ளி நில்லுங்கள்' என்று பொருள் என்பதை, 2012இல் கனடாவில் தொடங்கிய மஞ்சள் நாய் இயக்கம் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றது. மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடும் கூடை வடிவ வாய்ப்பூட்டை முன்கூட்டியே பழக்கிவைத்தால் வளர்ப்பவரின் கை நடுக்கம் குறையும்.

நம் ஊர்த் தெருக்களில் சிக்கல் வேறு. அவிழ்த்துவிட்ட தெருநாய்கள் தங்கள் எல்லையைக் காக்க வரும். கேட்ட தூரம் கிடைக்காது. நிறுத்திய கார்களின் மறைவு, ஆளில்லாத நேரம், மொட்டைமாடியில் அரிசிப்பொரியைத் தூவித் தேடவிடுவது ஆகியவை கைகொடுக்கும். ஒருநாள் வெளியே போகாவிட்டால் நாய்க்குக் குறை ஒன்றுமில்லை.

முற்றிலும் குணமாகும் என்று எந்த நேர்மையான பயிற்சியாளரும் வாக்குக் கொடுப்பதில்லை. முன்னேற்றத்தைப் பெரும்பாலும், பொங்கிய பிறகு அடங்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்து அளப்பார்கள்: முன்பு வீடு வரும்வரை இரைத்துக்கொண்டிருந்த நாய், இப்போது நாலு எட்டு நடந்ததும் உடம்பை உதறிவிட்டு மின்கம்பத்தடியை மோந்து பார்க்கத் தொடங்கியதா என்று.