விளக்கு வைத்தவர்கள்

மார்கழி மாதத்து விடியற்காலை. ரமணாசிரமத்துக்கு அருகே, செங்கம் சாலையில் ஒரு தேநீர்க் கடை வாசலில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஓர் இளைஞன் கைப்பேசியைப் பார்த்துத் திருவெம்பாவை படித்துக்கொண்டிருந்தான். மாணிக்கவாசகர் இந்த அண்ணாமலையில் பாடியதாகச் சொல்லப்படும் பாட்டு.

"புத்தகம் இல்லையா, தம்பி?" என்றேன்.

"இதிலேயே இருக்கு, சார். காசுகூடக் கிடையாது."

"யார் வைத்தது?"

அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

இணையம் இளமையாக இருந்த நாளில், தமிழ் அங்கே இரவல் சட்டை போட்டுக்கொண்டுதான் நுழைந்தது. படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் கடல் கடந்து போனவர்கள் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதி அளவளாவினார்கள். பிறகு ஆளுக்கோர் எழுத்துருவம் சமைத்தார்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ரசாயன ஆராய்ச்சி செய்துவந்த கு. கல்யாணசுந்தரத்தினுடையது 'மயிலை', மலேசியாவில் முத்து நெடுமாறனுடையது 'முரசு'. சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 1995-ல் தமிழ்க் கவிதையை வலையில் ஏற்றினார்.

ஆனால் வந்தது ஒரு வினை! ஒருவர் அனுப்பிய தமிழ், அதே எழுத்துருவம் இல்லாத மற்றவருக்கு வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது. எல்லோருக்கும் பொதுவான முறை எது என்று வாதம் மூண்டது. தமிழர் நாலு பேர் கூடினால் வாதத்துக்குப் பஞ்சமா? 1997-ல் சிங்கப்பூரிலும் 1999-ல் சென்னையிலும் மாநாடு கூட்டிப் பேசினார்கள்.

அந்த வாதத்தின் நடுவே, 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று, கல்யாணசுந்தரம் முன்னின்று 'மதுரைத் திட்டம்' தொடங்கிற்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தறியாத அன்பர்கள், வெவ்வேறு நாடுகளில், வேலை முடிந்த இரவுகளில் பழைய நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டினார்கள். ஒருவர் தட்டியதை மற்றொருவர் பிழை பார்த்தார். கூலி இல்லை, விலையும் வைக்கவில்லை. குறளும் திருவாசகமும் இப்படித்தான் ஏறின. பின்னர் யூனிகோடு என்ற உலகப் பொதுமுறை பரவியது. பழைய எழுத்துருவங்கள் மூலைக்குப் போயின. நூல்கள் மட்டும் புது முறைக்கு மாறிப் பிழைத்துக்கொண்டன.

இளைஞன் படித்ததும் அந்தத் திட்டத்தின் பிரதிதான். "மேலே தள்ளிப் பார், தம்பி" என்றேன். தட்டியவர் பெயர், பிழை திருத்தியவர் பெயர் எல்லாம் அங்கே இருந்தன.

அண்ணாமலையார் கோயில் சுவரிலும், சோழர் காலத்தில் விளக்கெரிக்கக் கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. நாம் வெளிச்சத்தில் சுவாமியைப் பார்க்கிறோம், சுவரைப் பார்ப்பதில்லை.

இளைஞன் அந்தப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்தான். பிறகு பாட்டுக்குத் திரும்பினான்.